விளையாட்டுச் சாமானும் கிணற்று நீரும்

பல் முளைக்கும் பருவத்துச் சிசு, கையில் அகப்படும் பொருளையெல்லாம் வாயில் வைத்தே அறிந்துகொள்கிறது. உருண்டையோ சதுரமோ, வன்மையோ மென்மையோ, யாவற்றுக்கும் தீர்ப்பு வழங்குவது நாவேயாகும். கிலுக்கும், தாயின் சேலைத் தலைப்பும், தந்தையின் சைக்கிள் திறப்பும் அந்த நியாயசபையில் ஒன்றுபோலவே விசாரிக்கப்படுகின்றன. உணவுத் தட்டிலே சிறு அழுக்கிருந்தாலும் வளர்ந்தோராகிய நாம் முகஞ்சுளித்து அதனை அப்பால் தள்ளுவோம். சிசுவுக்கு அந்த விவேகம் ஏது? ஆகவே அதன் விளையாட்டுச் சாமானை அதன் உணவுப் பாத்திரத்துக்குச் சமமாகக் கொள்வதே பொருத்தமாகும்.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்திலே இச்சாமான்கள் வீட்டுக்கு வந்துசேரும் வழியைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆடி மாதத்தில் உடப்புத் திரௌபதி அம்மன் கோவில் தீமிதிப்பு. அதனையடுத்து முன்னேஸ்வரத்துப் பெருந்திருவிழா. கத்தோலிக்க அன்பர்களுக்குத் தலவிலப் புனித அன்னம்மாள் திருநாள். வீதியோரத்துக் கடைகளில் சாக்கு விரித்துப் பரப்பிய ஊதுகுழல்களும் பாவைகளும் கார்களும் ஆயிரம் கைகள் தொட்டெடுத்து வைத்தவை. ஊதுகுழல் ஊதுகிறதா என்று வியாபாரி தாமே ஊதிக் காட்டிவிட்டுத்தான் விற்பார். அதைக் கையில் வாங்கிய மறுகணமே குழந்தையும் ஊதும். பஸ் வண்டியில் வீடு திரும்புமுன் அச்சாமான் இரண்டு மூன்று தடவை நிலத்திலே விழுந்தும் எழுந்திருக்கும்.

முன்னாளில் எம்மவர் குழந்தைகளுக்கு இத்தொல்லை குறைவு. தென்னந்தோப்பில் உதிர்ந்த குரும்பட்டியை ஈர்க்கிலே கோத்துத் தேர் செய்தோம். ஓலையிலே காற்றாடியும் பாம்பும் முடைந்தோம். மாலையில் வாடியதும் அவை குப்பையைச் சேர்ந்தன. கழுவவேண்டிய தேவையே எழவில்லை. பிளாஸ்டிக் வந்தபின் விளையாட்டுச் சாமானுக்கு நீண்ட ஆயுள் கிடைத்தது. தமக்கை கடித்ததைத் தங்கையும், அயல்வீட்டுப் பிள்ளை கடித்ததை இவ்வீட்டுப் பிள்ளையும் கடிக்கும் வழக்கமும் கூடவே வந்தது.

இவ்விடயத்தில் நாம் கருத்தூன்றியதற்குக் காரணம் உண்டு. எமது மருமகள், அதாவது கடைசித் தங்கையின் எட்டு மாதக் குழந்தை, வயிற்றோட்டத்தால் சோர்ந்து இரண்டு நாள் வைத்தியசாலையில் இருக்க நேர்ந்தது. கண்கள் குழிவிழுந்து, அழுவதற்குக்கூடச் சக்தியற்றுத் தாயின் தோளிலே கிடந்த அந்த முகத்தைப் பார்த்தவர் எவரும் எளிதில் மறந்துவிடமாட்டார். நோய் எவ்வழியாக வந்தது என்று வைத்தியர் அறுதியிட்டுக் கூறவில்லை, கூறவும் இயலாது. ஆயினும் குழந்தை வீடு திரும்பியதும், அது விளையாடிய சாமான் கூடை முழுவதையும் துப்புரவு செய்யவேண்டும் என்பதில் வீட்டாரிடையே கருத்து வேற்றுமை இருக்கவில்லை. எப்படிச் செய்வது என்பதிலேதான் நான்கு பேர் நான்கு மதமாக நின்றனர்.

“கடல் தண்ணீர் கழுவாத அழுக்கும் உண்டோ, தம்பி? கூடையோடு கொண்டுபோய் அலையில் அலசி, வெயிலிலே போட்டால் தீர்ந்தது” என்றார் எம் அன்னையார். மஞ்சள் நீரும் ஆயத்தமாக இருந்தது. தங்கையோ கடையில் வாங்கிய வெளிற்றும் திரவத்தைப் போத்தலோடு கவிழ்க்கச் சித்தமாயிருந்தாள். அவள் கணவர் இறால் பண்ணையில் வேலை பார்ப்பவர். குளத்துக்கு இடும் குளோரின் தூளில் ஒரு பிடி போதும் என்பது அவர் கட்சி. அயல்வீட்டு மூதாட்டி ஒருவர் தேசிக்காயும் வினாகிரியும் இருக்க வேறென்ன வேண்டும் என்று கேட்டார். ஒவ்வொருவர் கூற்றிலும் ஓர் உண்மை இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்திருந்தால் பெரும் ஆபத்தும் இருந்திருக்கும்.

முதலில் ஒரு வேறுபாட்டை உணர்தல் அவசியம். அழுக்கைப் போக்குவது ஒரு தொழில்; கிருமியைக் கொல்வது இன்னொரு தொழில். சவர்க்காரம் பெரும்பாலும் முதற்றொழிலையே செய்கிறது. எச்சிலும் எண்ணெயும் பாற்கறையும் பொருளின் மேல் ஒட்டியிருக்க, அவற்றோடு சேர்ந்து கிருமிகளும் ஒட்டியிருக்கின்றன. சவர்க்காரம் அந்தப் பசையைப் பெயர்க்கிறது. ஓடும் நீர் அதனை அடித்துச் செல்கிறது. நோயற்ற நாட்களில் இவ்வளவே போதுமானது. கிருமிநாசினி என்பது, வயிற்றோட்டமோ வாந்தியோ வீட்டில் நிகழ்ந்தபின், அல்லது வெள்ளநீர் தீண்டியபின், கழுவி முடித்த சாமானுக்கு இடவேண்டிய இரண்டாவது வேலை. நாள்தோறும் அதனைக் கொண்டு குழந்தையின் உலகத்தைத் துடைத்தெடுக்க வேண்டியதில்லை. தவழும் குழந்தைக்குக் கிருமியே இல்லாத நிலத்தை எவராலும் அமைத்துக் கொடுக்க இயலாது. குழந்தையைத் தூக்குவோர் தம் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவது, சாமானைக் கழுவுவதினும் மேலான காவல்.

சரி, சவர்க்காரமே போதுமென்றால் பிரச்சினை தீர்ந்ததா? எம் கரையோரத்துக் கிணறுகள் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மணலிலே தோண்டிய கிணறுகள் பலவற்றின் நீர் சவர். கோடை முற்ற முற்றச் சவர்த்தன்மையும் முற்றும். மாவட்டத்தின் வடபகுதியில், வண்ணாத்திவில்லுப் பக்கம், நிலத்தின் அடியிலே சுண்ணக்கல் படுத்திருக்கிறது. அருவக்காட்டிலே அகழ்ந்தெடுத்துப் புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்கு அனுப்பும் கல் இதுவேயாகும். அக்கல்லின் ஊடாக ஊறிவரும் நீர் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருவதால் வன்னீராகிறது. வன்னீரில் சவர்க்காரத்தைத் தேய்த்தால் நுரைக்குப் பதிலாகத் தயிர்போன்ற ஒரு கசடு திரளும். அக்கசடு விளையாட்டுச் சாமானின் இடுக்குகளில் ஒட்டிக்கொண்டு, உலர்ந்தபின் சாம்பல் நிறப் படையாகி, வழுவழுப்பாயும் தூசை ஈர்ப்பதாயும் அமைந்துவிடும். கழுவக் கழுவ அழுக்கேறுகிறதே என்று தாய்மார் சலித்துக்கொள்வது இதனாலேதான்.

இதற்குப் பரிகாரம் கடினமன்று. பாத்திரம் கழுவும் திரவம் வன்னீரிலே கசடாகத் திரளாது. ஒரு பேசின் நீருக்குச் சில துளி போதும். மழைக்காலத்தில் கூரையிலிருந்து வடியும் முதல் மழையை விட்டுவிட்டுப் பின்னர் பிடித்த நீரும் கழுவுவதற்கு நன்று. சவர்க்காரமே விருப்பமென்போர் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரத்தை நாடலாம். உப்பு நீரிலும் நுரைக்கும் குணம் அதற்கு உண்டு. கப்பற்காரர் கடல்நீரிற் குளிப்பதற்கென்றே அத்தகைய சவர்க்காரத்தை வைத்திருந்தனர். தென்னையின் பெருமையைப் பேச லுணுவிலையில் ஓர் ஆராய்ச்சி நிலையமே 1929 முதல் இருக்கிறது. நாமும் இந்த ஒரு பெருமையைச் சேர்த்துக்கொள்வோம். தேய்ப்பதற்குத் தும்புக்கட்டை வன்மையானது, பிளாஸ்டிக்கைக் கீறிவிடும். கீறலிலே அழுக்குக் குடிபுகும். பழைய பற்றூரிகையும் மென்துணியுமே இவ்வேலைக்கு ஏற்றவை.

கடல்நீர் விடயத்துக்கு வருவோம். அன்னையாரின் நம்பிக்கை மதிப்புக்குரியது. எனினும் கடலோரத்தில் வாழும் எவருக்கும் தெரிந்த ஒன்றைக் கொண்டே அதை மறுக்கவேண்டியதாயிற்று. மாரிக்காலத்தில் அடுக்களை உப்புச்சாடி கசிவதை யார் காணவில்லை? கடலுப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. கடல்நீரில் அலசி உலரவிட்ட சாமானின் மேல் மெல்லிய உப்புப் படலம் தங்கும். அது முற்றாக உலரவே விடாது. ஈரம் நின்ற இடத்தில் பூஞ்சணமும் நிற்கும். அன்றியும் வாடிகளின் அருகே கரையலையில் மீன்கழிவும், ஆற்று முகத்தில் ஊரின் அழுக்கும் கலந்தே வருகின்றன. கடல் பெரிது, கரையோரத்து நீர் சிறிது. அன்னையார் இதைக் கேட்டு, “படித்தவர்களோடு வாதாட முடியுமா?” என்று சொல்லி வெயிலை மட்டும் தம் பங்காக வைத்துக்கொண்டார். வெயில் உண்மையிலேயே பெரிய துணை. நன்கு கழுவிய பொருளை உலர்த்துவதோடு, அதன் ஒளி மேற்பரப்பிலுள்ள கிருமிகளையும் ஓரளவு மாய்க்கிறது. ஆனால் ஒளி படாத உட்குழிவில் அதற்கு ஆட்சி இல்லை. மஞ்சள் நீரைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை. வீட்டைச் சுத்தி செய்ததாக மனம் ஆறுதலடையத் தலைவாயிலில் தெளிப்பது எம் மரபு. பாவையின் முகத்திலே தெளித்தால் பாவைதான் மஞ்சள் காமாலை கண்டதுபோல ஆகிவிடும்.

இனி மைத்துனரின் குளோரின் தூள். இம்மாவட்டத்தில் 1980களிலிருந்து இறால் வளர்ப்புப் பெருகியது. களப்போரமும் டச்சுக் கால்வாயோரமும் குளங்கள் வெட்டப்பட்டன. 1996 இல் வெண்புள்ளி வைரசு நோய் புகுந்து குளங்குளமாக இறாலைக் கொன்றபோது, கடன்பட்டு முதலிட்ட குடும்பங்கள் பல நொடித்துப்போயின. அந்த அடியிலிருந்து பண்ணையாளர் கற்றுக்கொண்ட ஒழுங்கு, தாய்மார் அறிந்துகொள்ளத் தக்கது. அறுவடை முடிந்ததும் அவர்கள் நேரே குளோரின் தூளைக் குளத்திலே கொட்டுவதில்லை. முதலில் நீரை வடித்து, அடிச்சேற்றை அகற்றி, நிலம் வெடிக்கும்வரை வெயிலிலே காயவிட்டு, சுண்ணாம்பு இடுவர். பின்னர் நீர் பாய்ச்சி, அந்த நீருக்கே குளோரின் இட்டு, அதன் வேகம் தணியும்வரை நாட்கணக்கில் காத்திருந்து, அதன் பிறகே குஞ்சு விடுவர்.

“சேற்றோடு குளோரின் போட்டால் சேற்றுக்குத்தான் மருந்து, மச்சான், நோய்க்கு இல்லை” என்று மைத்துனரே விளக்கினார். விளக்கிய மறுகணம், எச்சிலும் பிஸ்கற் கூழும் ஒட்டிய சாமான்களின்மேல் ஒரு பிடி தூளைத் தூவப் புறப்பட்ட தம் கையை அவரே பார்த்துச் சிரித்துவிட்டார். குளோரீன் அழுக்கையும் கிருமியையும் பகுத்தறியாது. எதிர்ப்பட்ட அழுக்கோடெல்லாம் சேர்ந்து தன் வலுவைச் செலவழித்துவிடும். கிருமியை அடைவதற்குள் வெறுங்கையாகிவிடும். ஆதலால் முதலில் கழுவுதல், பின்னரே கிருமிநாசினி, பிறகு நல்ல நீரில் அலசுதல், ஈற்றில் உலர்த்துதல். குளத்துக்கு ஏற்ற ஒழுங்கு பொம்மைக்கும் பொருந்துகிறது.

ஆனால் குளத்துத் தூள் பொம்மைக்குப் பொருந்தாது. பண்ணைக்கு வரும் கல்சியம் ஐப்போகுளோரைட்டில் நூற்றுக்கு 65 அளவு குளோரீன் வலு உடையதும் உண்டு. கரையாத ஒரு மணி பொம்மையின் இடுக்கில் தங்கினால், சிசுவின் உதட்டையும் நாவையும் புண்ணாக்கப் போதுமானது. அதன் தூசியை மோந்தாலே நெஞ்சு எரியும். கிணற்றுக்கும் குளத்துக்கும் அளந்து இடுவோர் அறிந்து இடட்டும்; குழந்தை வாழும் அறைக்குள் அப்பை வரலாகாது.

குளோரீன் கரைசலைக் கண்டு முற்றாக அஞ்சவும் வேண்டியதில்லை. அதன் பெருமையை வைத்தியவுலகம் அறிந்த கதை உருக்கமானது. 1847 இல் வியன்னா நகரத்துப் பொது வைத்தியசாலையில் செம்மல்வைசு என்ற இளம் வைத்தியர், பிரசவ விடுதியில் தாய்மார் சுரங்கண்டு மடிவதைக் கண்டு மனம் நொந்தார். பிணப் பரிசோதனை செய்த கையோடு வைத்தியர் பிரசவம் பார்ப்பதே காரணம் என ஊகித்தார். சவர்க்காரத்தால் கழுவியும் பிண வாடை கையை விட்டு நீங்காமையைக் கண்டு, குளோரீன் கலந்த சுண்ணாம்பு நீரிலே கையைக் கழுவும்படி விதித்தார். ஏப்ரில் மாதத்தில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம், ஜூன் மாதத்தில் நூற்றுக்கு 2 அளவில் இறங்கியது. கிருமிகளே நோய்க்குக் காரணம் என்னும் கொள்கையைப் பாஸ்ரர் நிலைநாட்டுவதற்கு முந்திய காலம் அது. செம்மல்வைசின் சொல்லை அவர் காலத்து அறிஞர் பலர் ஏற்கவில்லை.

மாணவர் ஒரு செய்தியை இங்கே நினைவிற் கொள்ளலாம். வெளிற்றும் திரவம் உப்பின் பிள்ளை. பாலாவி உப்பளத்தில் வெண்மலையாகக் குவிந்திருக்கும் அதே சோடியம் குளோரைட்டை நீரிற் கரைத்து மின்னைச் செலுத்தினால் ஒருபுறம் குளோரீனும் மறுபுறம் எரிசோடாவும் பிறக்கும். இரண்டையும் மீண்டும் சேர்த்தால் சோடியம் ஐப்போகுளோரைட்டு. எம் நாட்டில் ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இத்தொழிலைச் செய்துவந்தது. யுத்தம் 1980களின் நடுவில் அதனை நிறுத்திவிட்டது. கடல்நீரே மருந்து என்ற அன்னையாரின் கூற்றில் இத்தனை தூரத்து உண்மை ஒன்று ஒளிந்திருந்தது என்று சொன்னபோது அவர் முகத்தில் வெற்றிப் புன்னகை!

அளவைக் கூறாது விடுதல் தகாது. போத்தலின் மேல் சோடியம் ஐப்போகுளோரைட்டு நூற்றுக்கு 5 என்று அச்சிட்டிருந்தால், ஒரு லீற்றர் நீருக்கு 10 மில்லிலீற்றர், அதாவது மருந்துக்கரண்டியால் இரண்டு. கழுவிய வன்பிளாஸ்டிக் சாமான்களை அதில் 10 நிமிடம் அமிழ்த்தி வைத்து, பின்பு குடிக்கத்தக்க நீரால் நன்றாக அலசி உலர்த்தவேண்டும். வீட்டில் வாந்தியோ வயிற்றோட்டமோ நிகழ்ந்திருந்தால் 20 மில்லிலீற்றராகக் கூட்டலாம். வயிற்றோட்டத்தை உண்டாக்கும் சில வைரசுகள் பொருள்களின் மேல் நாட்கணக்கில் பிழைத்திருக்கும். கை துடைக்கும் மதுசாரம் அவற்றிற் சிலவற்றை நன்றாக வெல்வதில்லை. போத்தலின் வலு வேறாயின் அளவும் வேறாகும். மணமும் நுரையும் சேர்த்த திரவங்கள் வேண்டா. வெந்நீரிலே கலக்கலாகாது. அன்று கலந்ததை அன்றே கொட்டிவிட வேண்டும்; எம் ஊர் வெப்பத்தில் போத்தலில் உள்ளதுகூட மாதந்தோறும் வலுவிழக்கும். குழந்தை உறங்கும் அறையில் அன்றிக் கிணற்றடியின் திறந்த வெளியிலே, கையுறை அணிந்து இதனைச் செய்தல் நன்று. சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தைப் பல வீடுகளில் காண்கிறோம். தாகத்தோடு ஓடிவரும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்துத் தெரிந்தாலும் போத்தலின் உருவமே முதலில் தெரியும்.

வினாகிரிக்கு உரிய இடத்தையும் கொடுப்போம். தென்னங்கள்ளில் உண்டாகும் நல்ல வினாகிரி இப்பகுதியில் கிடைக்கிறது. வன்னீர் விட்டுச்சென்ற வெண்சுண்ணப் படையைக் கரைக்க அது வல்லது; தேசிக்காய்ப் புளியும் அவ்வாறே. ஆனால் கிருமியைக் கொல்வதில் வெளிற்றும் திரவத்துக்கு அது ஈடாகாது. இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் என்று எண்ணுவோர் உளர். உயிருக்கே உலை வைக்கும் எண்ணம் அது. புளியும் வெளிற்றும் திரவமும் கலந்த இடத்தில் குளோரீன் வாயு கிளம்பும். 1915 ஏப்ரில் 22 ஆம் திகதி பெல்சியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் படைவீரர்களை மூச்சடைக்கச் செய்தது இந்த வாயுவேயாகும். மலகூடம் கழுவும் அமிலத்தோடு சேர்ந்தாலும் இதே கதி. அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தோடு சேர்ந்தால் வேறொரு நச்சு வாயு எழும். வன்னீர்ப் பிரதேசத்தில் வாழும் எமக்கு இவ்வெச்சரிக்கை இரு மடங்கு தேவை. ஏனெனில் சுண்ணப்படையைப் போக்கும் புளி எங்கள் கிணற்றடிகளில் எப்போதும் இருக்கும் பொருள். எம் வீட்டில் வினாகிரிக்கு ஒரு நாள், வெளிற்றும் திரவத்துக்கு வேறொரு நாள் என்று வகுத்துவிட்டோம்.

எல்லாச் சாமானும் நீரில் அமிழத் தக்கனவல்ல. மரச்சாமானை ஊறவைத்தால் வெடிக்கும். சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நல்ல நீர்த்துணியால் மீண்டும் துடைத்து, நிழலில் உலர்த்துவதே முறை. துணிப் பாவையைச் சவர்க்காரமிட்டுத் துவைத்து, உள்ளே அடைத்த பஞ்சும் உலரும்வரை வெயிலில் இடவேண்டும். மேலே உலர்ந்து உள்ளே ஈரமாயிருக்கும் பாவை மணத்தாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஈறு கடிக்கும் சிலிக்கன் வளையத்தை 5 நிமிடம் கொதிக்க வைக்கலாம். உள்ளே நீரோ கூழோ அடைத்த வளையத்தைக் கொதிநீரில் இடலாகாது. மின்கலம் உள்ள சாமானைத் துணியால் துடைப்பதே தகும். துடைத்தபின் மின்கல மூடியின் திருகாணி இறுகியிருக்கிறதா என்று பார்க்காமல் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். பொத்தானளவு மின்கலம் விழுங்கப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கத் தொடங்கிவிடும். அப்போது வீட்டு வைத்தியம் பார்த்து நிற்கக் காலமில்லை.

குளிக்கும் பேசினிலே மிதக்கும் இரப்பர் வாத்துக்குத் தனியே ஒரு சொல். அடியிலே துளையுள்ள வாத்து, அமுக்கும்போது நீரை உறிஞ்சிப் பீச்சும். குழந்தைக்கு அதுவே பேரானந்தம். 2018 இல் சுவிற்சலாந்து, அமெரிக்க ஆராய்ச்சியாளர் வீடுகளில் பாவித்த இத்தகைய சாமான்களை வெட்டிப் பார்த்தபோது, ஒரு சதுர சென்ரிமீற்றர் உட்பரப்பில் 50 இலட்சம் முதல் 7½ கோடி வரை உயிரணுக்கள் அடங்கிய வழுக்குப் படலத்தைக் கண்டனர். ஐந்தில் நான்கு வாத்துகள் பீச்சியது கலங்கிய நீர். வெளியே எவ்வளவு தேய்த்தும் உள்ளே தூரிகை செல்லாது. எங்கள் வாத்தையும் வெட்டிப் பார்த்தோம், உட்புறம் கருமையாயிருந்தது. துளையில்லாத வாத்து ஒன்று அதனிடத்தைப் பெற்றது. மருமகளுக்கு அதன்மேல் பிரியம் சற்றுக் குறைவு என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

கழுவிப் போக்கவே இயலாத குற்றமும் உண்டு. பழைய சாமானின் வர்ணம் செதிளாக உதிருமாயின் அதிலே ஈயம் இருக்கலாம். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு ஈயம். சவர்க்காரமும் குளோரீனும் அதனை ஒன்றும் செய்யா. இலங்கையில் சிறுவர் விளையாட்டுப் பொருளுக்கான வர்ணத்தில் பத்து இலட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கலாகாது என்ற விதி 2013 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய சாமான்கள் பரம்பரைச் சொத்தாகப் பெட்டியிலே இருந்தால், வர்ணம் உதிர்வனவற்றைக் குழந்தைக்குக் கொடாதிருத்தலே அறிவுடைமை. கரையிலே பொறுக்கிய பொருளும் அவ்வாறே. சிப்பி சோகியைக் கொதிக்கவைத்தால் தூய்மையாகும். தொண்டையில் அடைக்கும் குற்றம் தீராது. வலைமிதப்பின் உடைந்த துண்டு பொருபொருவென்று உதிரும். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியபோது மேற்குக் கரையிலே பிளாஸ்டிக் மணிகள் வெண்சோறுபோல ஒதுங்கின அல்லவா? விளையாட்டுச் சாமான்களை வார்க்கும் மூலப்பொருளும் அத்தகைய மணிகளே. பிள்ளைகள் அவற்றை அள்ளி விளையாட முனைந்ததில் வியப்பில்லை; எரிந்த கப்பலின் இரசாயனத்தோடு வந்தவை என்பதால் தடுக்கவேண்டியதாயிற்று.

கொதிநீரைப் பற்றிப் பேசியதால் ஓர் இடைப்பேச்சு. கற்பிட்டித் தீபகற்பத்தில் மணல் நிலத்திலே வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் செழிக்க இடும் பசளை, நீரோடு இறங்கிக் கிணறுகளை அடைகிறது. அங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று வகுத்த எல்லை, புட்டிப்பால் குடிக்கும் சிசுக்களைக் காக்கும் நோக்குடையது. மிகுந்த நைத்திரேற்று சிசுவின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுத்து, உடல் நீலம் பாரிக்கச் செய்யும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அது செறிவடையும். ஆகவே ஒரே கேத்தல் நீர் கடிவளையத்தைத் தூய்மையாக்க உதவும். பால்மா கரைக்க உதவாமற் போகலாம். கிணற்று நீரைப் பரிசோதிப்பது பற்றி அவ்வூர்த் தாய்மார் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரிப்பது நலம்.

வெள்ளம் வந்த வீட்டில் கணக்கே வேறு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இம்மாவட்டத்தின் பல ஊர்களை நீரில் ஆழ்த்தியபோது, மலகூடக் குழியும் கிணறும் தெருவும் ஒரே ஏரியாகின. அந்நீரில் ஊறிய பஞ்சுப் பாவைகளையும் நீர் உட்புகுந்த வாத்துகளையும் எறிந்துவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை. வன்பிளாஸ்டிக்கை மட்டும் மேற்சொன்ன முறைப்படி மீட்கலாம். கழுவும் நீரும் வெள்ளம் கலந்த கிணற்று நீராயின், அக்கிணற்றை இறைத்துக் குளோரின் இடும்வரை பொறுத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் இழந்த குழந்தையிடமிருந்து எஞ்சிய ஒரு கரடிப் பொம்மையையும் பறிப்பது எளிய காரியமன்று. எமக்குத் தெரிந்த ஒரு தாய், கரடியின் பழைய சட்டையை மட்டும் கொதிநீரில் துவைத்துக் காத்துவைத்து, புதிய கரடிக்கு அணிவித்தார். குழந்தை சில நாள் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுப் பின்னர் ஏற்றுக்கொண்டதாம்.

எமது வீட்டு நடைமுறை இப்போது ஒருவாறு நிலைபெற்றுவிட்டது. வாயில் வைத்த சாமான்கள் மாலைதோறும் ஒரு பேசினில் சேரும். பாத்திரம் கழுவும் திரவத்தில் தேய்த்து, அலசி எடுப்பர். அயல்வீட்டுக் குழந்தைகள் வந்து விளையாடிய நாளில் இன்னும் சற்றுக் கவனமாகச் செய்வர். வெளிற்றும் திரவம் பூட்டிய அலுமாரியின் மேற்றட்டில், வாங்கிய போத்தலிலேயே இருக்கிறது. குழந்தை தேறிய அந்த வாரத்துக்குப் பின் அதனைத் திறக்கத் தேவை நேரவில்லை. நீர் வடிவதற்குத் தட்டுகள் உதவவில்லை. அடியிலே நீர் தேங்கிற்று. மைத்துனர் தமக்குத் தெரிந்த மீன்பிடிகாரரிடம் புதிய நைலோன் வலைத் துண்டொன்றை வாங்கிப் பையாகத் தைத்துக் கொடுத்தார். சாமான்களை அதிலே இட்டுக் கொடியில் தொங்கவிட்டால் கச்சான் காற்று ஒரு மணி நேரத்தில் உலர்த்திவிடுகிறது. உலர்ந்ததும் சாமான்களை எடுத்துக்கொண்டு, பையைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவிட வேண்டும். வலைக் கண்களுக்குள் பிஞ்சு விரல்கள் புகுந்தால் எளிதில் வெளிவரா.